நேராகக் கேள்: பள்ளி ஆலோசகராகச் சேரும் தங்கைக்கு



நூறு மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனங்கள் தகுதியான ஆலோசகர் ஒருவரை வைத்திருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகு திறக்கும் அறைகளில் ஒன்றில் நீயும் உட்காரப் போகிறாய். மேசை, இரண்டு நாற்காலி, சுவரில் ‘வெற்றி உன் கையில்’ என்று ஒரு போஸ்டர் இருக்கும். அதை முதல் நாளே கழற்றிவிடு. தோற்றுவிட்டோம் என்று நினைத்து உள்ளே வரும் பிள்ளையின் கண் முதலில் அதில்தான் விழும்.

ஆசிரியர்கள் ஓய்வறையில் ஒரு பயம் உண்டு: தற்கொலை பற்றிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டது போல் ஆகாதா? நியூயார்க் மாநிலத்தின் 6 பள்ளிகளில் 2,342 மாணவர்களிடம் இதைச் சோதித்து 2005இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பாதிப் பேரிடம் நேராகக் கேட்டார்கள், மறுபாதியிடம் கேட்கவில்லை. கேட்கப்பட்டவர்களிடம் மன உளைச்சலும் கூடவில்லை, சாகும் எண்ணமும் கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களிடம் உளைச்சலும், முன்பு முயன்றவர்களிடம் சாகும் எண்ணமும், கேட்கப்படாதவர்களைவிடக் குறைவாகவே இருந்தன.

கேட்கும் விதத்தில்தான் நம் ஊரில் கோளாறு. ‘அப்படியெல்லாம் ஒண்ணும் யோசிக்கலையே?’ என்போம். பிள்ளைக்கு ‘இல்ல மிஸ்’ என்பதைத் தவிர வேறு பதிலே மிச்சமிருக்காது. ‘சாகணும்னு தோணுதா?’ என்று குரலை உயர்த்தாமல், முகத்தைப் பார்த்துக் கேட்பவரே நல்ல ஆலோசகர். ‘தோணுது’ என்று பதில் வந்தால் பதறாமல் அடுத்ததைக் கேட்பார்: எப்போதிலிருந்து? எப்படி என்று யோசித்திருக்கிறாயா? இன்று ராத்திரி வீட்டில் யார் இருப்பார்கள்?

‘யார்கிட்டயும் சொல்லாதீங்க மிஸ்.’ இதுவும் வரும். அந்தச் சத்தியத்தைச் செய்யக் கூடாது. யாரிடம் சொல்லலாம் என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். அம்மா வேண்டாம் என்றால் அத்தையோ சித்தியோ இருக்கலாம். ஆபத்தே வீட்டுக்குள் இருக்கும் பிள்ளைகளும் உண்டு என்பதால், காரணம் கேட்காமல் அப்பாவுக்குப் போன் போடுவது பெரிய தவறாக முடியலாம்.

பெற்றோர் வந்ததும் ‘என்ன குறை வெச்சோம்?’ என்று தொடங்குவார்கள். அதை விசாரணையாக வளரவிடாமல் ஆலோசகர் இரண்டு வேலைகளைக் கொடுக்க வேண்டும்: பிள்ளையைத் தனியே விடக் கூடாது, பூச்சிமருந்தும் மாத்திரைகளும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. இரண்டாவது வேலை அற்பமாகத் தோன்றும். ஆனால் சாகத் துணியும் அந்த வேகம் பல பேருக்குக் கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தில் கையருகே என்ன இருக்கிறது என்பது உயிரைத் தீர்மானித்துவிடுகிறது. கடும் நஞ்சுள்ள பூச்சிமருந்துகளை இலங்கை ஒவ்வொன்றாகத் தடை செய்தது. 1995க்குப் பிறகான இருபது ஆண்டுகளில் அங்கே தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம் இறங்கியது. சென்னையில் 1986இல் ‘சினேகா’ அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவர் குழுவினரும் காட்டுமன்னார்கோவில் பகுதிக் கிராமங்களில் வேறொன்றைச் செய்து பார்த்தார்கள். பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொதுவிடத்தில் பூட்டி வைக்கும் ஏற்பாடு அது. விவசாயிகள் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

போலீஸ் கேஸ் ஆகுமோ என்றும் பெற்றோர் பயப்படுவார்கள். முயன்றவரைத் தண்டிக்கக் கூடாது, கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 115. இந்த ஒரு வரி தெரியாததால் மருத்துவமனைக்குத் தாமதமாகக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள்.

தலைமையாசிரியர் உன்னிடம் பெரும்பாலும் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி முகாம் நடத்தத்தான் சொல்வார். நடத்து, அதோடு நிற்காதே. ஐரோப்பாவின் 10 நாடுகளில், 168 பள்ளிகளில், 11,110 பிள்ளைகளிடம் நடந்த தற்கொலைத் தடுப்பு ஆய்வு 2015இல் வெளியானது. ஆபத்தில் இருக்கும் பிள்ளைகளை அடையாளம் கண்டுகொள்ள ஆசிரியர்களைப் பழக்கிய பள்ளிகளில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. பிள்ளைகளே நடித்து, விவாதித்து, தங்கள் சிக்கல்களைப் பேசிய பள்ளிகளில் ஒரு வருடத்தில் புதிய தற்கொலை முயற்சிகள், ஒப்பீட்டுப் பள்ளிகளில் இருந்ததில் பாதிக்கும் கீழே இருந்தன. அதற்கு ஆன நேரம் நான்கு வாரத்தில் ஐந்து மணி. அந்த ஐந்து மணியைக் கேட்டு வாங்கு. பி.டி. பீரியடை மட்டும் தொடாதே. அதைத்தான் எல்லோரும் பிடுங்குகிறார்கள்.

இரவு பத்து மணிக்கு உன் கைபேசிக்கு வரும் செய்திக்கெல்லாம் நீ ஒருத்தியே பொறுப்பு என்று ஆகிவிடக் கூடாது. மனநல உதவிக்கான தொலைபேசிச் சேவை டெலிமானஸ் 14416, இரவு பகல் எந்நேரமும். தமிழ்நாட்டில் 104 உண்டு, குழந்தைகளுக்கு 1098. இவற்றைப் பிள்ளையின் கைபேசியில் நீ பார்க்கும்போதே பதிய வை. மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய பிள்ளையை ‘இன்னும் ஒரு தடவை பேசிப் பார்ப்போம்’ என்று வைத்துக்கொள்ளாதே.

முயன்று, பிழைத்து, பள்ளிக்குத் திரும்பும் பிள்ளையின் முதல் காலை பற்றிப் பயிற்சி வகுப்புகளில் அதிகம் பேசுவதில்லை. முன்தினமே வகுப்பாசிரியரிடம் பேசிவிடு. பக்கத்தில் யார் உட்காருவது, எங்கே போயிருந்தாய் என்று மற்றவர்கள் கேட்டால் என்ன சொல்வது என்று அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து முடிவு செய். பாக்கி ரெக்கார்ட் நோட்டை அந்த வாரம் யாரும் கேட்க வேண்டாம் என்று இயற்பியல் ஆசிரியரிடமும் சொல்லி வை.