எந்த ஆஸ்பத்திரியில் சாவு குறைவு?

கேள்வி: டாக்டர் ஐயா, சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனாலே, காரணத்தை எழுதி வைக்காமல் எங்களை விடமாட்டார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு உயிர் போனால் அப்படி யாராவது பார்க்கிறார்களா? ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியைச் சொல்லி, "அங்க போனா திரும்பி வரமாட்டாங்க" என்கிறார்கள். எங்கே எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று கணக்கை வெளியிட்டால் நாங்கள் பார்த்துப் போகலாமே?
வாசகர், சேதராப்பட்டு

பதில்: வெறும் எண்ணிக்கையை வெளியிட்டால் முதலில் ஏமாறப்போவது நீங்கள்தான். வில்லியனூர், பாகூர் மட்டுமல்ல, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களிலிருந்தும் தலைக்காயம், பாம்புக்கடி, விஷம் குடித்தவர்கள் என்று கைவிட்ட கேஸ்களெல்லாம் புதுச்சேரி ஜிப்மர் போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் வருகின்றன. நிலைமை மோசமானதும் 'ரெஃபர்' எழுதி அனுப்பிவிடும் நர்ஸிங் ஹோமில் சாவே நடக்காது. அதை நல்ல ஆஸ்பத்திரி என்பீர்களா?

நம் ஊர் வழக்கம் ஒன்றும் கணக்கைக் கெடுக்கிறது. இனி முடியாது என்று தெரிந்ததும், மூச்சு இருக்கும்போதே வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறோம். அந்த இறப்பு ஆஸ்பத்திரிக் கணக்கில் ஏறாது. சேதராப்பட்டு வீட்டில் நடந்ததாக வில்லியனூர் கொம்யூனில் பதிவாகும். இங்கிலாந்தில் 2011 முதல் வெளியிடப்படும் அளவீட்டில், டிஸ்சார்ஜ் ஆன 30 நாட்களுக்குள் நேரும் இறப்பையும் அந்த ஆஸ்பத்திரிக் கணக்கிலேயே சேர்க்கிறார்கள். வயது, நோய், கூடவே உள்ள சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு எல்லாவற்றையும் வைத்து இத்தனை பேர் இறக்க வாய்ப்புண்டு என்று மதிப்பிட்டு, உண்மையில் இறந்தவர்களோடு ஒப்பிடுகிறார்கள். நமக்கும் இப்படி ஒன்று வேண்டும்.

ஆனால் அப்படிப்பட்ட எண்ணும் தீர்ப்பு அல்ல, போய்ப் பார்க்கச் சொல்லும் எச்சரிக்கை. இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டு ஆஸ்பத்திரியில் இறப்பு அதிகம் என்று 2007-ல் எண்கள் காட்டியபோது, நோய்க்குறியீடு போட்டதில்தான் பிழை என்று நிர்வாகம் நினைத்தது. வார்டுக்குப் போய்ப் பார்த்திருந்தால் கவனிப்பு எவ்வளவு மோசம் என்று தெரிந்திருக்கும். அதே நாட்டில் பிரிஸ்டலில் குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சையில் இறப்பு கூடுவதை மயக்க மருந்து மருத்துவர் ஸ்டீபன் போல்சின் கணக்கெடுத்துச் சொன்னார். மேலிடம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1991 முதல் 1995 வரை ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 30 முதல் 35 பேர் கூடுதலாக இறந்திருக்கக்கூடும் என்று 2001-ல் விசாரணை அறிக்கை சொன்னது.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன்: பார்க்கிறார்கள், ஆனால் எல்லா இறப்பையும் அல்ல. தாய் இறப்பு ஒவ்வொன்றையும் ஆராய வேண்டும் என்பது நாடு முழுவதும் உள்ள விதி. இதை உருப்படியாகச் செய்தவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். கேரளத்து மகப்பேறு மருத்துவர்கள் கூட்டமைப்பு 2004-ல் அரசோடு சேர்ந்து இந்த வேலையைத் தொடங்கியது. கேஸ் ஷீட்டிலிருந்து தாய், மருத்துவர், ஆஸ்பத்திரி பெயர்களை நீக்கிவிட்டுத்தான் குழு படிக்கும். தண்டனை பயம் இல்லாததால் உண்மை வந்தது. பிரசவத்துக்குப் பிந்திய ரத்தப்போக்கும் கர்ப்பகால ரத்தக் கொதிப்பும் முன்வரிசையில் நின்றன. அவற்றுக்கென்று தர நெறிமுறைகளை வகுத்தார்கள். அங்கே லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தாய் இறப்பு, 2010-12-ல் 66 ஆக இருந்தது, 2017-19-ல் 30 ஆனது. முழுப் பெருமையும் இந்த ஆய்வுக்கே என்று சொல்லமாட்டேன், பங்கு உண்டு.

மருத்துவக் கல்லூரிகளிலும் இறப்புகளை அலசும் 'மார்ட்டாலிட்டி மீட்டிங்' நடப்பதுண்டு. பயிற்சி மருத்துவரை நிற்கவைத்துக் காய்ச்சும் கூட்டமானால், அடுத்த முறை கேஸ் ஷீட் முன்கூட்டியே 'சுத்தமாகி' வரும். நர்ஸ் எத்தனை மணிக்குக் கூப்பிட்டார், டாக்டர் எத்தனை மணிக்கு வந்தார், ரத்தம் எப்போது கிடைத்தது என்று நேரம் நேரமாகக் கேட்பதுதான் கூட்டம்.

இவ்வளவுக்கும் அடிப்படை, இறப்புக் காரணச் சான்று. 2020-ல் இந்தியாவில் பதிவான இறப்புகளில் மருத்துவர் காரணம் எழுதியது 22.5 சதவீதத்துக்குத்தான். எழுதியவற்றிலும் பல, 'கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்' என்று முடிந்துவிடுகின்றன. இதயமும் மூச்சும் நிற்காமல் யார் சாகிறார்கள்? அது காரணமே அல்ல. காரணம் நிமோனியாவா, புண்ணில் ஏறிய கிருமியா, தாமதமாகப் பார்த்த மாரடைப்பா என்று தெரியாமல் எதைத் திருத்துவது?

இங்கே உங்களுக்கும் வேலை இருக்கிறது. 2023 அக்டோபர் முதல் தேதியிலிருந்து, இறப்பு நடந்த ஆஸ்பத்திரி இந்தச் சான்றைப் பதிவாளருக்கு இலவசமாகத் தர வேண்டும். அதன் நகலை நெருங்கிய உறவினருக்கும் தர வேண்டும். துக்க வீட்டில் காகிதம் கேட்க மனம் வராது, ஆனாலும் யாராவது ஒருவர் கேட்டு வாங்குங்கள். அதில் இதயம் நின்றது என்று மட்டும் இருந்தால், அதற்கு முன் என்ன நடந்தது என்று டாக்டரிடம் பொறுமையாகக் கேளுங்கள்.