காத்திருக்கும் இழையை எழுப்புவது எப்படி?

சென்ற விடுமுறையில் எலப்புள்ளியில் எங்கள் வீட்டிலிருந்தபடியே ஜாவா நிரலொன்றை இயக்கினேன். ஆய்வுக்கூடத்து வெப்ப அளவுகளை இரவெல்லாம் வலைவழியே வாங்கி வைப்பது அதன் வேலை. நள்ளிரவில் மறுமுனை மௌனமாயிற்று. அளவை வாங்கும் இழை, 'ரீட்' என்னும் கட்டளையிலேயே நின்றுவிட்டது. இன்னோர் இழையின் வாயிலாக 'இன்டரப்ட்' அனுப்பினேன், அசையவில்லை. வேறு வழியின்றி நிரலையே நிறுத்தினேன். வட்டில் எழுதப்படாதிருந்த அளவுகள் யாவும் தொலைந்தன.

காரணம் யாது? 'இன்டரப்ட்' என்பது, 'நிறுத்துக' என்று குறித்து வைப்பதேயாகும். 'ஸ்லீப்', 'வெயிட்' ஆகியவற்றில் இருக்கும் இழை அதனால் விழித்துக்கொள்ளும். சாதாரண சாக்கெட்டில் தரவுக்குக் காத்திருக்கும் இழையோ விழிப்பதில்லை.

என் தாத்தா தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு மறுமுனைக் குரலுக்குக் காத்திருக்கையில், "தாத்தா, சாப்பிட வாங்க" என்றால் அவர் காதில் விழாது. இணைப்பு அறுந்தால் உடனே எழுந்து வருவார்.

அதுவே இங்கும் வழி. இன்னோர் இழை சாக்கெட்டை மூடினால், 'ரீட்' பிழை காட்டித் திரும்பும். அப்பிழையைக் கண்டதும், கையிலுள்ள அளவுகளைச் சேமித்துவிட்டு நிரல் முறையாக முடியலாம். 2002-இல் வெளிவந்த ஜாவா 1.4-இன் 'சானல்' வகைகளில், 'இன்டரப்ட்' வந்ததுமே இணைப்பு தானாக மூடப்படும். லினக்ஸில் சி மொழியில் எழுதுவோர் மட்டும் கவனிக்க: அங்கே 'குளோஸ்' போதாது, 'ஷட்டவுன்' வேண்டும்.

ஆகவே, காத்திருக்கச் சொல்லுமுன் எழுப்பும் வழியையும் எழுதி வையுங்கள். என் அளவுகள் போனது போகட்டும், உங்களுடையவையேனும் பிழைக்கட்டும்!