பளுப் பயிற்சியும் அசைவின் நிறைவும்

உடலை உறுதி செய்துகொள்ளல் வேண்டும் என்னும் அவா நம் மாணவரிடையே நாளுக்கு நாள் பெருகி வருதல் மகிழ்தற்குரியது. ஆயினும், பயிற்சிக் கூடத்தில் நாம் காண்பது யாது? தண்டின் இருமருங்கும் இரும்பு வட்டுகளை மேன்மேலும் ஏற்றித் தோளிற் சுமந்து, முழங்காலைச் சிறிதே மடக்கி நிமிர்ந்து, தாம் எடுத்த எடையைப் பிறருக்கு எடுத்துரைத்து மகிழ்வார் சிலர். அவ்வெடையிற் பாதியைத் தாங்கித் தொடை தாழும்வரை அமர்ந்து எழுவார் வேறு சிலர். இவ்விரு திறத்தாருள் மிக்க வலிமை பெறுவார் யாவர் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருளாகும்.

ஒரு மூட்டு முற்றும் நீண்ட நிலைக்கும் முற்றும் மடங்கிய நிலைக்கும் இடைப்பட்ட அளவினை அசைவெல்லை என்று கூறுவோம். நீட்டிய கையை மடக்கித் தோளருகே கொணருங்கால் முழங்கை ஏறக்குறைய 140 பாகை மடங்குகிறது. இவ்வெல்லை முழுவதும் தசைக்கு ஒரே வலிமை இருப்பதில்லை. 1966-ஆம் ஆண்டில் அறிஞர்கள் தவளையின் தசையிழை ஒன்றனைத் தனியே பிரித்துச் சோதித்து, அவ்விழை இடைநிலை நீளத்தில் மிகுந்த விசையையும், மிகக் குறுகியபோதும் மிக நீண்டபோதும் குறைந்த விசையையும் தருவதை அளந்து காட்டினர். தசையினுள் ஒன்றனையொன்று பற்றி இழுக்கும் நுண்ணிழைகள் இடைநிலையிலேயே நன்கு பொருந்தி நிற்பதே இதன் காரணமாம்.

இதனோடு நெம்புகோலின் இயல்பும் சேர்கிறது. அமர்ந்தெழும் பயிற்சியில் தொடை தரைக்கு இணையாகும் நிலையை அணுகுங்கால் சுமை மிகக் கடினமாகிறது. நிமிர்ந்து நிற்கும் நிலையை அணுகுங்கால் எளிதாகிறது. ஆதலின், அசைவின் மேற்பகுதியை மட்டும் செய்பவர் மிக்க எடையைத் தாங்குதல் வியப்பன்று. அரிய பகுதியை அவர் கடந்தாரல்லர், விலக்கிவிட்டார்.

இனி, ஆராய்ச்சிகள் கூறுவதைக் காண்போம். 2012-இல் பிரேசில் நாட்டில் இளைஞர் சிலரை வகுத்து, ஒரு சாரார் முழங்கையை 0 முதல் 130 பாகை வரையிலும், மற்றொரு சாரார் 50 முதல் 100 பாகை வரையிலும் மடக்கும்படி, 10 வாரங்கள் பயிற்றினர். முடிவில் முழு அசைவினர் ஒருமுறை தூக்கவல்ல உச்ச எடை சராசரி 25.7 விழுக்காடும், குறை அசைவினரது 16 விழுக்காடும் உயர்ந்தன. 2013-இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சியில், 12 வாரங்கள் ஒரு பிரிவினர் முழங்காலை 120 பாகை வரையும், மறு பிரிவினர் 60 பாகை வரையும் மடக்கி அமர்ந்தெழுந்தனர். ஆழ அமர்ந்தோரின் முன்தொடைத் தசை அளந்த இடமெங்கும் பருத்தது. அரை அமர்ந்தோர்க்கோ மேற்பகுதியில் மட்டுமே பருத்தது.

இவற்றால் அரை அசைவு முற்றும் பயனற்றது என்று துணிதல் கூடாது. அரை அசைவினால் அரை அசைவுக்குரிய வலிமை நன்கு வளரும். உடல் எந்தக் கோணத்தில் உழைக்கிறதோ அந்தக் கோணத்திலும் அதனை அடுத்த பாகைகளிலுமே வலிமையை மிகுதியாக ஈட்டுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரின் வடம் பிடிப்போரை நோக்குக. அவர்தம் கைகள் ஏறத்தாழ நீண்ட நிலையிலேயே நின்று இழுக்கின்றன. அப்பணிக்கு அந்நிலையின் வலிமையே வேண்டற்பாலது.

ஆயின், இளவட்டக்கல்லின் செய்தி வேறு. இராஜபாளையம் தொடங்கித் திருநெல்வேலிச் சீமை வரை, ஊர்ச் சாவடிகளிலும் கோயில் முன்றில்களிலும் உருண்டு திரண்ட இக்கற்களை முன்னோர் இட்டு வைத்தனர். இதனைத் தூக்குவோன் முதலில் ஆழக் குந்தி, கல்லைத் தழுவி, முழங்காலுக்கு ஏற்றுகிறான். அடுத்து மார்புக்கும், பின்னர்த் தோளுக்கும் ஏற்றி, முதுகுப்புறம் வீழ்த்துகிறான். கல் தரையினின்று கிளம்பும் முதற்கணமே இச்சோதனையின் அரிய கணம். முழங்கால், இடுப்பு ஆகிய மூட்டுகள் மிக மடங்கி, முன்தொடையும் பிட்டத்துத் தசையும் மிக நீண்டிருக்கும் அந்நிலையில் வலிமையில்லாதவன், நின்ற நிலையில் எத்துணைச் சுமை தாங்கினும் கல்லை அசைத்தல் அரிது. முழு அசைவின் இன்றியமையாமையை நம்மவர் நூலில் எழுதி வையாது கல்லில் வைத்துச் சென்றனர் போலும்!

வேலூரைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம், காமன்வெல்த் விளையாட்டுகளில் 77 கிலோ உடலெடைப் பிரிவில் 2014-இலும் 2018-இலும் பொற்பதக்கம் வென்றார். 2018-இல் அவர் தூக்கியவை 144 கிலோவும் 173 கிலோவும் ஆக 317 கிலோ. இத்துறையினர் பெரும்பாலும் தண்டினை ஆழ அமர்ந்த நிலையில் ஏற்று, அங்கிருந்து எழுகின்றனர். அரைப் பயிற்சி மட்டும் செய்தவர்க்கு இஃது இயலுமோ?

அண்மைக்கால ஆராய்ச்சிகள் மற்றொரு நுட்பத்தையும் விளக்குகின்றன. அசைவில் ஒரு பாதியே செய்வதாயின், தசை நீண்டிருக்கும் பாதி, குறுகியிருக்கும் பாதியினும் தசை வளர்ச்சிக்குப் பெரிதும் உதவுகிறது. சிலவிடத்து முழு அசைவுக்கு நிகராகவும் அமைகிறது. நம்மிற் பலர் விட்டுவிடுவதோ அப்பாதியையே. தண்டாலில் மார்பு தாழும் பகுதியையும், பஸ்கியில் ஆழ அமரும் பகுதியையும் சுருக்கி எண்ணிக்கையைப் பெருக்குவார், பயன் மிக்கதனைக் கழித்துப் பயன் குறைந்ததனைக் கூட்டுகின்றனர்.

மூட்டில் நோயுற்றோரும், புண்பட்டுத் தேறுவோரும் வலியில்லாத எல்லையளவிலேயே நின்று, மருத்துவர் சொற்படி சிறிது சிறிதாக அதனை விரித்தல் முறை. ஓர் இடத்தில் மட்டும் தளர்பவர் அவ்விடத்துக்கெனத் தனியே குறை அசைவினைப் பயிலுதலும் தகும். உடலமைப்பு ஒருவரைப்போல் ஒருவர்க்கு இன்மையின், அவரவர் மூட்டு இடங்கொடுக்கும் அளவே அவரவர்க்கு முழு அசைவாகும்.

மாணவ நண்பர்களே! சுமையைக் குறைத்து அசைவினை நிறைவாக்குமின். இறக்குங்கால் சுமையை விழவிடாது தாங்கி இறக்குமின். முதுகு வளையாது பத்து முறை நிறைவுறச் செய்ய இயலுமாயின், பின்னரே எடையைச் சிறிது கூட்டுமின். தொடக்கத்தில் தண்டில் வட்டுகள் குறைந்திருத்தல் கண்டு நகைப்பாரும் இருக்கலாம். அந்நகைப்பு சின்னாளில் ஒழியும். ஈட்டிய வலிமையோ, குனிந்து மூட்டை எடுக்கவும், படியேறவும், முதுமையிலும் பிறர் கைப்பற்றாது இருக்கையினின்று எழவும் நமக்குத் துணையாய் நிற்கும்.