மூன்றாம் ஆண்டுக்கான வாசல்

அன்புள்ள கயல்,

பள்ளி முடித்ததும் ஃப்ரீமான்ட் ஓலோனி கல்லூரியில் சேர்ந்து, இரண்டு ஆண்டு கழித்துக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு (யூ.சி.) மாறலாமா என்று கேட்டிருந்தாய். அக்காவுக்கு மனம் ஒப்பவில்லை. "கம்யூனிட்டி காலேஜா? கேக்கிறவங்களுக்கு என்னடா சொல்றது?" என்று என்னிடம் போனில் கேட்டாள். நம் ஊரில் பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்தவர்கள் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்கிறார்களே, அந்த லேட்டரல் என்ட்ரி மாதிரிதான் இது, இங்கே சேர்வது மூன்றாம் ஆண்டில் என்று சொன்னேன். கொஞ்சம் இறங்கி வந்தாள். ஸ்டீவ் வாஸ்னியாக்கும் டி ஆன்சா கல்லூரியில் படித்துவிட்டு பெர்க்லி போனவர்தான் என்றதும் இன்னும் கொஞ்சம்.

யாரோ இரக்கப்பட்டுத் திறந்துவிட்ட வழி என்று இதை நினைத்துவிடாதே. 1960-ல் கிளார்க் கெர் முன்னின்று உருவாக்கிய மாநில உயர்கல்வித் திட்டத்திலேயே இது இருக்கிறது. பள்ளி முடிப்பவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினருக்கு யூ.சி., முதல் மூன்றில் ஒரு பங்கினருக்கு மாநிலப் பல்கலைக்கழகம், மற்ற எவருக்கும் சமுதாயக் கல்லூரி. அங்கே நன்றாகப் படிப்பவருக்கு மூன்றாம் ஆண்டில் இடம். அந்த இடம் இருக்க வேண்டும் என்பதற்காகவே பல்கலைக்கழகத்தில் கடைசி இரண்டு ஆண்டுகளுக்கு 60, முதல் இரண்டு ஆண்டுகளுக்கு 40 என்று மாணவர் விகிதத்தை வகுத்தார்கள். இதற்கு மாறாக, பிரின்ஸ்டனில் 1990-ல் இப்படி மாறி வருபவர்களைச் சேர்ப்பதையே நிறுத்திவிட்டு 2018-ல்தான் மறுபடி தொடங்கினார்கள். அதனால் "அமெரிக்காவில் டிரான்ஸ்பர் கிடைக்குமா" என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எந்தக் கல்லூரி, எந்தத் துறை என்று கேட்க வேண்டும்.

நீ எழுதியிருந்த விகிதங்களுக்கு வருகிறேன். 2023-ல் யூ.சி.எல்.ஏ.வில் முதலாம் ஆண்டுக்கு விண்ணப்பித்தவர்கள் 1,45,000-க்கு மேல். இடம் கிடைத்தது நூற்றுக்குச் சுமார் 9 பேருக்கு. டிரான்ஸ்பருக்கு விண்ணப்பித்தவர்கள் சுமார் 24,000. கிடைத்தது நூற்றுக்கு ஏறக்குறைய 25 பேருக்கு. "அப்படின்னா மூணு மடங்கு ஈஸி" என்று நீ எழுதியதுதான் எனக்கு உறுத்துகிறது. முதலாம் ஆண்டுக்கு ஆசைப்பட்டவர்கள் எல்லாம் விண்ணப்பம் போட்டுப் பார்க்கலாம். டிரான்ஸ்பருக்கு வருபவர்களோ 60 யூனிட், இரண்டு ஆங்கிலக் கட்டுரைப் பாடம், கணிதம், துறைப் பாடங்கள் என்று பெரும்பகுதியைத் தாண்டி வந்தவர்கள். வராதவர்களின் கணக்கு அந்த 25-ல் தெரியாது. அதை 2024-ல் மாநிலத் தணிக்கையாளரின் அறிக்கை சொன்னது: மாறும் எண்ணத்தோடு சமுதாயக் கல்லூரியில் சேர்ந்தவர்களில் நான்கு ஆண்டுக்குள் மாறியவர்கள் ஐந்தில் ஒருவர்தான். உனக்குக் கவலைப்பட ஓர் எண் வேண்டுமென்றால் இதை எடுத்துக்கொள்.

துறை மாறினால் எல்லாமே மாறும். கணினி அறிவியலுக்கு யூ.சி.எல்.ஏ.வில் டிரான்ஸ்பர் விகிதமும் ஒற்றை இலக்கம்தான். வரலாற்றுக்கு அதைப்போலப் பல மடங்கு. துறைவாரியான இந்தப் பட்டியலை யூ.சி.யே வெளியிடுகிறது, வளாகத்தின் சராசரியை விட்டுவிட்டு அதைப் பார்.

நான் பார்த்த பிள்ளைகளில் பலர் வழுக்கியது பாடங்களைத் தேர்ந்தெடுப்பதில். 'அசிஸ்ட்' என்று ஓர் இணையதளம் இருக்கிறது. ஓலோனி, பெர்க்லி, துறை மூன்றையும் கொடுத்தால், இங்குள்ள எந்தப் பாடம் அங்குள்ள எந்தப் பாடத்துக்குச் சமம் என்று வரிவரியாகக் காட்டும். சமமான பாடம் இல்லை என்று வரும் வரிகளை முதலில் படி. அது பக்கத்துக் கல்லூரியில் இருந்தால் ஒரு செமஸ்டர் அங்கே எடுக்கலாம். ஆனால் இயற்பியல், கணிதம் போன்ற தொடர் பாடங்களில் முதல் பகுதி ஓரிடம், அடுத்தது வேறிடம் என்று பிரிக்காதே. கல்லூரிக்குக் கல்லூரி அத்தியாயங்களை வெட்டும் இடம் வேறுபடும்; நடுவில் ஒரு பகுதி விடுபட்டால் முழுத் தொடரையும் ஏற்காமல் போகலாம். ஒரே பெயருள்ள துறைக்கே பெர்க்லி கேட்பது ஒரு பட்டியல், டேவிஸ் கேட்பது வேறொன்று. நீ விரும்பும் வளாகங்களின் பட்டியல்களை எதிரெதிரே வைத்து, எல்லாவற்றுக்கும் பொதுவானதை முதல் ஆண்டிலேயே எடுத்துவிடு. கணிதத்தைத் தள்ளிப்போடவே கூடாது. முதல் கால்குலஸ் முடியாமல் இரண்டாவது இல்லை, கால்குலஸ் இல்லாமல் பொறியியலுக்கான இயற்பியல் இல்லை. பொதுக்கல்விப் பாடங்களுக்கு 2025 முதல் 'கால்-கெடெக்' என்ற பட்டியல் வந்திருக்கிறது. அறிவியலோ பொறியியலோ படிப்பதானால் அதைவிடத் துறைப் பாடங்களுக்கு முன்னுரிமை கொடு.

'டேக்' என்ற சேர்க்கை உறுதியைப் பற்றியும் கேட்டிருந்தாய். டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் தருகின்றன. ஒன்றிடம் மட்டுமே கேட்கலாம், அதுவும் செப்டம்பரில். பெர்க்லி, யூ.சி.எல்.ஏ., சான் டியாகோ தருவதில்லை. கணினி அறிவியல் பல வளாகங்களில் இதற்குள் வராது. உன் துறை வருமென்றால் விடாதே, கையில் ஓர் இடம் இருக்கட்டும். மற்ற வளாகங்களுக்கும் சேர்த்து முதன்மை விண்ணப்பத்தைத் தனியாகப் போட வேண்டும்.

அந்த விண்ணப்பத்தில் எஸ்.ஏ.டி. கிடையாது. நான்கு கேள்விகளுக்குத் தலா 350 வார்த்தைக்குள் பதில் எழுத வேண்டும். டிரான்ஸ்பர் மாணவர்களுக்கு அதில் கட்டாயமான கேள்வி, இந்தத் துறைக்கு எப்படித் தயாரானாய் என்பது. எடுத்த பாடங்களே பாதி பதில். குறைந்தபட்ச ஜி.பி.ஏ. 2.4 என்று போட்டிருப்பார்கள். அதை நம்பி உட்காராதே, போட்டியுள்ள துறைகளில் அது விண்ணப்பிக்கும் தகுதி மட்டும்தான்.

செலவு: மாநிலத்தவருக்கு சமுதாயக் கல்லூரியில் யூனிட்டுக்கு 46 டாலர், ஆண்டுக்கு 30 யூனிட் என்றால் 1,380. யூ.சி.யில் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 14,000 டாலருக்கு மேல். உன் அப்பா இந்த வரியை இரண்டு தடவை படிப்பார்.

மாறிய பிறகு முதல் பருவத்தில் மதிப்பெண் சற்றுச் சரிவது பலருக்கும் நடப்பது. ஓலோனியில் செமஸ்டர், பெர்க்லியும் மெர்செடும் தவிர மற்ற வளாகங்களில் பத்து வாரக் குவார்ட்டர். மூன்றாவது வாரமே தேர்வு வந்து நிற்கும். அங்கே போகும் முதல் குவார்ட்டரில் பாடங்களைக் குறைவாக எடு.

ஓலோனியில் பதிவு தொடங்குவதற்குள் மூன்று வளாகங்களுக்கான அசிஸ்ட் பக்கங்களை அச்செடுத்து வை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், முதல் செமஸ்டர் பாடங்களை உட்கார்ந்து எழுதிவிடலாம். அக்காவும் கூட இருக்கட்டும்.

அன்புடன்,
மாமா