ஆற்று வளைவும் அயலிலுள்ள வயலும்

மாரி வெள்ளம் வடிந்தபின் ஆற்றங்கரைக்குச் செல்லும் கமக்காரர் அங்கே இரு மாற்றங்களைக் காண்பர். வளைவின் ஒரு கரை இடிந்து செங்குத்தாக நிற்கும். எதிர்க்கரையில் புதுமணல் மேடிட்டிருக்கும். ஒருவர் வயலின் ஓரத்தை இழக்கிறார். மற்றவரின் வாய்க்கால் தூர்ந்து விடுகிறது. இவ்விரு இழப்புக்கும் காரணம் ஒன்றே. அதனை அறிந்தவர் இழப்பைக் குறைத்துக்கொள்ளலாம்.

நீர் மண்ணைச் சுமக்கும் விதம்

ஓடும் நீர் மண்ணைச் சுமக்கும் வலிமை அதன் வேகத்தைப் பொறுத்தது. வேகம் இருமடங்காயின், அடிமண்ணை அரிக்கும் விசை ஏறக்குறைய நான்கு மடங்காகும். களியும் நுண்ணிய அடையலும் நீருடன் கலந்து நெடுந்தூரம் செல்லும். பருமணலும் பரலும் அடியில் உருண்டும் துள்ளியும் நகரும். வேகம் தணியுமிடத்தில் முதலில் தங்குவது பருமணல். இறுதியாகப் படிவது களி.

மகாவலி என்னும் பெயர் சிங்களத்தில் பெருமணல் ஆறு எனப் பொருள்படும். மலைநாட்டில் தோன்றி, 335 கிலோமீற்றர் ஓடி, மூதூருக்கு அருகே கடலை அடையும் இவ்வாற்றின் கீழ்ப்பகுதியில், சமநிலத்தில் இத்தகைய வளைவுகள் பல உள.

வளைவில் நிகழ்வது யாது?

சாயம் ஊற்றிய கோப்பையின் அடியில் தேயிலை கிடக்கும்போது கரண்டியாற் கலக்கிப் பாருங்கள். தேயிலை ஓரத்திற்குச் செல்லாது அடியின் நடுவிலே குவியும். விஞ்ஞானி அல்பேட் ஐன்ஸ்ரைன் 1926ஆம் ஆண்டில் இதனைக் கொண்டே ஆற்று வளைவை விளக்கினார்.

வளைவில் விரைந்தோடும் மேல்நீர் வெளிக்கரையை நோக்கித் தள்ளப்படுகிறது. அங்கே அது கீழிறங்கி, கரையின் அடியைத் தோண்டுகிறது. தரையில் உராய்ந்து வேகம் குன்றிய அடிநீர், மணலையும் இழுத்துக்கொண்டு உட்கரையை நோக்கி நகர்கிறது. ஆகவே வெளிக்கரை அரிபடும், உட்கரை மேடிடும்.

ஆயினும், உங்கள் கரையில் இடிந்த மண் முழுவதும் நேரெதிரே உள்ள அயலவரின் கரையைச் சேர்வதில்லை. அதன் பெரும்பகுதி நீரோட்டத்துடன் சென்று கீழேயுள்ள மணல்மேடுகளில் தங்கும். ஆதலின் அயலவருடன் பிணங்குவதாற் பயனில்லை.

கமக்காரர் செய்ய வேண்டியவை

1. வாய்க்காலின் தலைப்பை உட்கரையில் அமைக்க வேண்டாம். அது மணலால் அடைபடும். வெளிக்கரையில், வளைவு மிகக் கூடிய இடத்திற்குச் சற்றுக் கீழே அமைப்பது நன்று. அங்கே மணல் குறைந்த நீர் கிடைக்கும். ஆனால் அவ்விடத்தில் அரிப்பு மிகுதியாதலால், நீர்ப்பாசன அதிகாரிகளின் ஆலோசனைப்படி கற்கட்டு அமைத்தல் அவசியம்.

2. வெளிக்கரையிலுள்ள மருது, மூங்கில் முதலியவற்றை வெட்டாதீர்கள். அவற்றின் வேர்களே மண்ணைப் பிணைத்து நிற்பன. கரையின் விளிம்புவரை உழுதல் கூடாது. வெறுமையான சரிவில் வெட்டிவேரை நெருக்கமாக நடுக.

3. கரையின் அடியில் மணல் அகழ இடமளிக்க வேண்டாம். அடி குழிந்தால் மேலுள்ள நிலம் தானே சரியும். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்படி மணல் அகழ்வதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும்.

4. வளைவை ஊடறுத்து ஆற்றை நேராக்க முயல வேண்டாம். வழி குறுகினால் சரிவு கூடும். சரிவு கூடினால் வேகமும் கூடும். மேற்புறத்தில் ஆற்றின் அடி அரிபடும். அம்மண் கீழேயுள்ளோரின் வாய்க்கால்களைத் தூர்க்கும்.

5. வயல் வாய்க்காலுக்கும் இவ்விதியே பொருந்தும். திடீர்த் திருப்பங்களைத் தவிர்த்து, மெல்ல வளையுமாறு வெட்டுக. வெளிப்புற வரம்பைப் புற்கட்டியாலோ கல்லாலோ பலப்படுத்துக. தூர் எடுக்கும்போது உட்புறத்தில் படிந்த மண்ணை அகற்றி வெளிப்புற வரம்பில் இடுக.

6. வெள்ளம் வயலில் விட்டுச்சென்ற படிவைக் கையாற் பரிசோதிக்கவும். நுண்ணிய வண்டலாயின் உழுது கலக்கலாம். பருமணல் தடிப்பாகப் படிந்திருந்தால் நெற்பயிருக்கு வேண்டிய நீர் தேங்காது. நாற்று நடுமுன் அதனை வழித்து அகற்றுக.

ஆற்றின் போக்கை ஒருவர் தனித்து மாற்ற இயலாது. கரையோரக் கமக்காரர் யாவரும் ஒன்றுகூடி, மாரி தொடங்குமுன்பே தத்தம் வளைவுகளைப் பார்வையிட்டு, வேண்டியவற்றைச் செய்தல் நன்று. மேலும் விபரம் வேண்டுவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக.