கத்திக்கு முன் ஒரு பலூன்

நெடுநேரம் முக்கியும் மலம் முழுதாகப் போகவில்லை என்று வரும் பெண்ணுக்கு, மலம் கழிக்கும்போதே படம்பிடிக்கும் டெஃபிகோகிராம் எடுத்தால், மலக்குடலின் முன்சுவர் பெண்ணுறுப்புப் பக்கமாகப் புடைத்திருப்பது பலமுறை தெரியும். ரெக்டோசீல் என்பார்கள். படத்தில் தெரிகிறதே, தைத்துவிடலாம் என்று உடனே முடிவெடுப்பதைத்தான் நான் ஏற்கவில்லை. 1989இல் வெளியான ஓர் ஆய்வில், எந்தத் தொல்லையும் இல்லாத 21 பெண்களில் 17 பேருக்கு இதே புடைப்பு இருந்தது. ஆகவே புடைப்பு இருப்பது வேறு, மலச்சிக்கலுக்கு அதுவே காரணம் என்பது வேறு. பலருக்குக் கோளாறு தசையின் பழக்கத்தில் இருக்கிறது; முக்கும்போது தளர வேண்டிய இடுப்புத்தளத் தசை இறுகிக்கொள்கிறது. அந்தத் தசையை வெட்டினால் மலத்தை அடக்கும் திறனே குறைந்துபோகலாம். இந்தக் கோளாறுக்கு, தசையின் இயக்கத்தைக் கருவியில் பார்த்தபடியே தளர்த்தப் பழகும் பயோஃபீட்பேக் பயிற்சிதான் முதல் வழி. 2006இல் கியாரியோனி குழுவினர் 109 பேரிடம் நடத்திய ஆய்வில், ஆறு மாத முடிவில் பயிற்சி பெற்றவர்களில் 80 சதவீதம் பேர் நன்கு தேறினார்கள்; மலமிளக்கி எடுத்தவர்களில் 22 சதவீதம் பேர்தான்.

அப்படியானால் பயிற்சி பலிக்காதவர்கள் காலம் முழுக்கத் தவிக்க வேண்டியதுதானா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அறுவை சிகிச்சையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புடைப்பு பெரிதாகி, அதற்குள் மலம் தேங்கி, பெண்ணுறுப்பின் பின்சுவரை விரலால் அழுத்தினால்தான் வெளியேறுகிறது என்றால், அதைத் தைத்துச் சீராக்குவதால் நல்ல பலன் கிடைக்க வாய்ப்புண்டு. கூச்சத்தால் பெண்கள் இதைச் சொல்வதில்லை, மருத்துவரும் கேட்பதில்லை. சிகிச்சையின் போக்கையே மாற்றக்கூடிய தகவல் இது, தயங்காமல் சொல்லிவிடுங்கள். மலக்குடல் உள்ளுக்குள் மடிந்து இறங்கியிருந்தால், பெல்ஜியத்தின் லூவனைச் சேர்ந்த டி'ஹோரெ 2004இல் விவரித்த லேப்ராஸ்கோப்பி முறை இருக்கிறது. மலக்குடலின் முன்பக்கத்தில் மட்டும் மெஷ் எனும் வலையைத் தைத்து, முதுகெலும்பின் அடியிலுள்ள திரிக எலும்போடு தூக்கிக் கட்டுவார்கள். பின்பக்கத்தையும் பிரித்தெடுக்கும் பழைய முறையில் நரம்புகள் சேதமாகி, மலச்சிக்கல் புதிதாகவே வருவதுண்டு. அதைத் தவிர்க்கத்தான் இந்த மாற்றம். ஆனால் மெஷ் ஆண்டுகள் கழித்து அருகிலுள்ள உறுப்பை அரிக்கக்கூடும். ஸ்டேப்ளரால் உட்சுவரை வெட்டியெடுக்கும் 'ஸ்டார்' முறையிலோ, அடக்க முடியாத அவசரம் சிலருக்கு வந்துவிடுகிறது.

குடலின் நகர்வே மந்தமானவர்களுக்குப் பெருங்குடலை அகற்றும் பெரிய அறுவையும் உண்டு. அவர்களிலும் சிலருக்கு இடுப்புத்தளக் கோளாறு சேர்ந்தே இருக்கும். அதைக் கவனிக்காமல் குடலை எடுத்தால், பிறகும் மலம் வெளியேறச் சிரமப்படும். அந்தக் கோளாறு உண்டா என்று பார்க்க, மலக்குடலுக்குள் வைத்து 50 மில்லி நீர் நிரப்பிய பலூனை வெளியே தள்ளச் சொல்லும் பரிசோதனைக்குச் சில நிமிடங்கள் போதும். ஒப்புதல் கையெழுத்துப் போடும் முன் அது செய்யப்பட்டதா, முடிவு என்ன என்று கேளுங்கள்.