மலைமுகடு தெரியாமல் மெஷ் ரேடியோ வாங்காதீர்கள்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தபோது, இலங்கையின் பதுளை மாவட்டத்தில் மண்சரிவோடு மின்சாரமும் போனும் சேர்ந்தே போயின. அப்படியான நாட்களில் டவரோ இணையமோ வேண்டாத மெஷ் ரேடியோ கைகொடுக்கும். போனில் தட்டும் குறுஞ்செய்தியை லோரா என்ற தொலைதூர ரேடியோ நுட்பத்தின் வழியே ஒரு சின்னப் பெட்டி அடுத்த பெட்டிக்குக் கடத்தும். இந்தப் பெட்டிகளில் ஏற்றும் மென்பொருள் மெஷ்டாஸ்டிக்கா மெஷ்கோரா என்ற வாக்குவாதத்துக்குள் இறங்குமுன், சில நம்பிக்கைகளைக் களைந்தாக வேண்டும்.

‘லோரா பல கிலோமீட்டர் போகும், வீட்டுக்கொரு பெட்டி இருந்தால் போதும்.’ போகும்தான், ஆனால் குறுக்கே எதுவும் மறைக்காத இடத்தில். மலையைத் துளைத்துக்கொண்டு போகாது. பசறை, லுணுகலைப் பக்கம் தோட்டத் தொழிலாளர் வாழும் பல லயன்கள் மலைமடிப்புக்குள் இருக்கின்றன. தோட்டத்தின் அடுத்த டிவிசன் கிட்டத்தில் இருந்தாலும் நடுவே ஒரு முகடு நிற்கும். அந்த முகட்டில் வைக்கும் ஒரே பெட்டி, லயன்களுக்குள் வைக்கும் இருபது பெட்டிகளைவிட உதவும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதையும் முகடுதான் சொல்கிறது. மெஷ்டாஸ்டிக்கில் சாதாரணமாக எல்லாப் பெட்டிகளுமே செய்தியைத் திருப்பி ஒலிபரப்பும். மாற்றாமல் விட்டால் ஒரு செய்தி பெட்டிக்குப் பெட்டி மூன்று தாவல் வரைதான் போகும். ஒரே சரிவில் பெட்டிகள் நெருங்கினால் அலையில் நெரிசல் ஏற்படும், தாவல்களும் கீழேயே செலவாகிவிடக்கூடும். மெஷ்கோரில் ரிப்பீட்டராக அமைத்தவை மட்டும் கடத்தும். கையில் இருப்பவை அனுப்பும், வாங்கும், அவ்வளவே. முகடுகளில் நிலையாகச் சில, லயன்களில் பல என்ற நம் தோட்ட அமைப்புக்கு மெஷ்கோரே பொருந்தும் என்பேன். இடம் மாறிக்கொண்டே இருக்கும் மீட்புக் குழுவுக்கு மெஷ்டாஸ்டிக் நல்லது. பல பெட்டிகளில் இரண்டில் எதையும் ஏற்றலாம். ஆனால் ஒன்றோடு மற்றது பேசாது. ஆகவே பக்கத்துத் தோட்டங்கள் கூடிப் பேசி ஒன்றையே எடுக்க வேண்டும்.

‘சோலார் இருந்தால் கரண்ட் கவலை இல்லை’ என்பார்கள். பதுளை அடங்கிய ஊவா மாகாணத்தில் பெருமழை கொட்டுவது ஒக்டோபர் முதல் ஜனவரி வரை. பெட்டி தேவைப்படும் அதே நாட்களில்தான் வெயிலும் இருக்காது. வைஃபையோடு வரும் இஎஸ்பி32 சில்லுப் பெட்டிகள் மின்சாரத்தைக் குடிக்கும். முகட்டில் என்ஆர்எஃப்52 சில்லு உள்ளதையே வையுங்கள், வெயிலே இல்லாமல் ஒரு வாரம் தாங்கும் பற்றரியோடு.

நீளமாக எழுதலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. மெஷ்டாஸ்டிக்கில் ஒரு செய்திக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட 200 பைட்தான், தோராயமாக 200 ஆங்கில எழுத்து; மெஷ்கோரில் அதைவிடக் குறைவு. தமிழில் எழுத்துக்கும் கொம்பு போன்ற குறிகளுக்கும் புள்ளிக்கும் தனித்தனியே மூன்று பைட் போகும். ‘மண்சரிவு’ மட்டுமே 24 பைட். இப்படிப்பட்ட எட்டுச் சொல்லுக்குள் இடம் முடிந்துவிடும். அதனால் ‘மழை 110’, ‘லயன் 3 வெளியேறு’ போன்ற சுருக்கங்களை முன்கூட்டியே பேசி வைத்துப் பழக வேண்டும். குரலும் படமும் இதில் போகாது.

‘மெஷ் இருந்திருந்தால் மீரியபெத்தையில் உயிர்கள் தப்பியிருக்கும்.’ இதை ஏற்க முடியாது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தையிலுள்ள அந்தத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் அதற்குப் பின்னரும் சொல்லப்பட்டிருந்தது. இல்லாமற்போனது பாதுகாப்பான காணியும் வீடும். அந்தக் கோரிக்கையை எந்தப் பெட்டியைக் காட்டியும் தள்ளிப்போட விடக்கூடாது.

மெஷ் செய்யக்கூடியது வேறு. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற்றம் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகோல். டவர் விழுந்த இரவிலும் டிவிசனின் மழைமானி எண்ணைப் பிரதேச செயலகத்துக்கும், வெளியேறச் சொல்லும் உத்தரவை லயனுக்கும் கொண்டுசேர்க்கலாம். அதற்குச் செயலகத்திலும் ஒரு பெட்டியும், இரவில் அதைப் பார்க்க ஒருவரும் வேண்டும்.

‘லைசன்ஸ் வேண்டாம்’ என்று விற்பவர் சொல்வதை நம்பிக் காசைக் கொடுக்காதீர்கள். அலைவரிசை நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்காவுக்கான 915 மெகாஹேர்ட்ஸ் பெட்டி இங்கே பொருந்தும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எந்த அலைவரிசை, எவ்வளவு வலு என்று தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேட்டு, பதில் வந்தபின் வாங்குங்கள்.